எட்டு பாட்டில் கடல்

ஜனவரி 6, திங்கள்

இந்த டைரி என் வீட்டுக்காரர் சுனிலுக்கு யாரோ கொடுத்தது. முதல் பக்கத்தில் ஒரு உரக்கடைக்காரரின் படம், கைகூப்பிச் சிரிக்கிறார். சுனில் எழுத மாட்டார், வீணாகப் போகிறதே என்று நான் எடுத்துக்கொண்டேன். எத்தனை நாள் எழுதுவேனோ.

அரையாண்டு விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தது. தக்கலையிலிருந்து இரண்டு பஸ் மாறி பாறைத்துறைக்குப் போய் இறங்கும்போதே பாதி உயிர் போய்விடுகிறது. கடற்கரைப் பள்ளி என்றால் காற்றோட்டமாக இருக்குமே என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். வந்து பார்க்கட்டும். மூன்று வருடமாகியும் எனக்கு அந்த மீன் வாடை பழகவில்லை.

தலைமையாசிரியர் தங்கசுவாமி சார் கூப்பிட்டு அனுப்பினார். பிப்ரவரியில் மாவட்ட அறிவியல் கண்காட்சி.

"டீச்சர், போன வருசம் எரிமலை. அதுக்கு முந்தின வருசமும் எரிமலை. இந்த வருசமாவது வேற ஏதாவது செய்யுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

கடல் அமிலமாவதைப் பற்றிச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒன்பதாம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். பாதிப் பேரின் அப்பாக்கள் சிப்பிக் குளிக்குப் போகிறவர்கள், கடலில் முங்கிப் பாறையிலிருந்து சிப்பி பெயர்த்து விற்பவர்கள். அவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது.

ஜனவரி 7, செவ்வாய்

வினிகர் சோதனை நன்றாக நடந்தது. கண்ணாடிக் குவளையில் வினிகர் ஊற்றி ஒரு சிப்பி ஓட்டைப் போட்டேன். ஓட்டின் மேலெல்லாம் குமிழி.

"டீச்சர், கொதிக்கு!" என்று முன்வரிசை எழுந்தே நின்றுவிட்டது.

வண்டிப் புகை, ஆலைப் புகையிலிருந்து வரும் கரியமில வாயுவைக் கடல் குடிக்கிறது, குடிக்கக் குடிக்கப் புளிப்பேறுகிறது, ஓடு கட்டச் சிப்பிக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து குறைகிறது, அதிலும் பிறந்து இரண்டே நாளான குஞ்சுச் சிப்பிதான் முதலில் அடிபடும் என்று சொன்னேன். பி.எச். என்ற எண் குறைந்தால் புளிப்பு கூடியிருக்கிறது என்று பொருள். நூற்றைம்பது இருநூறு வருடத்தில் உலகக் கடல் 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. இதைச் சொன்னபோது ஒருவரும் அசையவில்லை. அவ்வளவுதானா என்பது போலப் பார்த்தார்கள். குவளையைத் தூக்கிக் காட்டியதும் முகமெல்லாம் வெளிறியது. பிள்ளைகளுக்குக் கண்ணால் பார்க்க வேண்டும். கடல் ஒருநாளும் வினிகர் ஆகாது என்பதையும் சொல்லியிருக்கலாம், மணி அடித்துவிட்டது.

பெனிட்டா மட்டும் வகுப்பு முடிந்தும் குவளைப் பக்கத்திலேயே நின்றாள். அவள் அப்பா சேசடிமை ஊரில் பெரிய முங்காளி.

"டீச்சர், எங்கப்பா எடுக்க சிப்பியும் இப்படி ஆவுமா?"

"அளந்து பாத்தாத்தான் தெரியும், பிள்ளே," என்றேன்.

ஜனவரி 8, புதன்

எட்டுக் குழு பிரித்தாயிற்று. ஊர்க்காரர்கள் சிப்பி எடுக்கும் கரைப்பாறையைச் சுற்றி எட்டு இடத்தில் நாளைக் காலை தண்ணீர் எடுத்து வர வேண்டும். பாட்டிலை நன்றாகக் கழுவச் சொன்னேன். "மீன் வாடை ஒரு துளிகூட வரப்படாது, சொல்லிட்டேன்," என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். சிலர் சிரிக்கவில்லை.

மிக்ஸி ஜார் பிளேடு கழன்றுவிட்டது. தேங்காயை அம்மியில் அரைத்தேன். கை விட்டுப்போகிறது.

ஜனவரி 9, வியாழன்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

எட்டு பாட்டிலும் பளபளவென்று வந்தன. பி.எச். மீட்டரைச் சோதனைக் கரைசலில் வைத்து இரண்டு முறை சரிபார்த்தேன். அதில் தப்பில்லை. பிறகு பிள்ளைகள் முன்னால் ஒவ்வொன்றாக அளந்தோம். 7.3. 7.4. 7.2. பெனிட்டாவின் பாட்டில் 7.1. நூறு வருடம் கழித்து வரலாம் என்று பயப்படுகிற எண்ணைவிடக் கீழே, இன்றைக்கே, எங்கள் கரையில்!

ஜோயல் குழுவுக்கு மட்டும் 8.1 வந்தது. அவன் வீட்டில் கழுவ நேரமில்லாமல் கடையில் புதிய தண்ணீர் பாட்டில் வாங்கி, தண்ணீரைக் குடித்துவிட்டு அதில் பிடித்து வந்திருக்கிறான். சொன்ன முறையில் செய்யவில்லை, அதனால் அட்டவணையில் சேர்க்கவில்லை.

பிள்ளைகள் பயந்து என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் உண்மையை எழுதாவிட்டால் டைரி எதற்கு? கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. பதினோரு வருடமாக அடுத்தவர் கண்டுபிடித்ததையே பாடமாக நடத்துகிறேன்.

தங்கசுவாமி சார் வந்து பார்த்துவிட்டு உடனே யாருக்கோ போன் செய்தார்.

ஜனவரி 11, சனி

பேப்பரில் வந்துவிட்டது. 'அமிலமாகும் பாறைத்துறைக் கடல்: அரசுப் பள்ளி மாணவர்கள் அதிர்ச்சிக் கண்டுபிடிப்பு'. படத்தில் நான் மீட்டரைப் பிடித்திருக்கிறேன், கண் பாதி மூடியிருக்கிறது. சுனில் நான்கு பிரதி வாங்கி வந்தார். மாமியார் வீட்டிலிருந்து போன். முதல்முறையாக என் சமையலைப் பற்றிப் பேசாமல் வைத்தார்கள்.

ஜனவரி 12, ஞாயிறு

வீடு அடித்துக் கழுவினேன். பொங்கல் சாமான் வாங்கினோம். கிழங்கு நன்றாக இருந்தது.

ஜனவரி 13, திங்கள்

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இரண்டு பெண்கள் வழிமறித்தார்கள். வியாபாரிகள் கரைப்பாறைச் சிப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வெளிப்பாறையில் எடுத்து வந்தால் வாங்குவார்களாம், அங்கே தண்ணீர் நல்லதாம். யார் சொன்னது? பேப்பரில் கரைப்பாறை என்றுதானே போட்டிருக்கிறது, அதனால்.

வெளிப்பாறை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பெனிட்டா சொன்னாள். கரைப்பாறையில் இரண்டாள் ஆழம். வெளிப்பாறையில் நான்காள் ஆழத்துக்கு மேல், அடியில் இழுப்பு. பிள்ளைகுட்டி இல்லாத இளவட்டங்களைக்கூட அங்கே குளிக்க விடமாட்டார்களாம். அவள் அப்பாவும் இன்னும் மூன்று பேரும் இன்று காலை அங்கேதான் போனார்கள்.

"சீசன் முடிய இன்னும் மூணு வாரந்தான் டீச்சர். போவாம பற்றாது."

இரண்டாவது பிரிவேளையில், அடுத்த முறையும் இதே போல பாட்டிலைக் கழுவி வரவேண்டும் என்று சொன்னேன். ஜெபின் எழுந்தான்.

"டீச்சர், இந்தத் தடவ சோப்பு போட்டா போதுமா? வீட்டுல புளி தீந்துபோச்சு."

"புளியா? புளி எதுக்கு?"

"மீன் வாடை போவணும்னு நீங்கதான சொன்னிய? சோப்புக்கெல்லாம் அது போவாது டீச்சர். புளிய பிச்சு உள்ள போட்டு, கொஞ்சம் மணலும் போட்டு குலுக்கணும்."

"பொறவு எத்தனை தண்ணி விட்டு அலசின?"

"ஒரு தண்ணிதான். பைப்புல தண்ணி வந்து அப்பவே நாலு நாளாச்சுல்லா."

யாரெல்லாம் புளி போட்டுக் கழுவினீர்கள் என்று கேட்டேன். பாராட்டுகிறேன் என்று நினைத்து ஏழு குழுவும் கையைத் தூக்கியது. பெனிட்டா கை எல்லாவற்றுக்கும் மேலே.

"அம்மை ரெண்டு தடவ புளி போட்டா டீச்சர். எங்க பாட்டிலு மோந்து பாத்தியளா? வாடையே இல்ல."

"சரி, கைய இறக்குங்க. நல்ல பழக்கம்," என்றேன்.

மாலையில் கடற்கரைக்குப் போனேன். சும்மா காற்று வாங்க. கையில் பீக்கரும் மீட்டரும் இருந்தன. 8.07. இன்னொரு முறை 8.07. பாறையைச் சுற்றிப்போய் இன்னொரு இடத்தில் 8.06.

மூன்று முறை அளந்தது போதாது. முறைப்படி செய்ய வேண்டும். பொங்கல் கழியட்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் நன்றாகப் பொங்கியது. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 15, புதன்

சுனிலிடம் சொன்னேன். அவர் கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்டார். கடைசியில் சிரித்துவிட்டார்.

"புளியா? கொள்ளாம். இத வெளிய சொன்னா உன்னைய வறுத்து எடுத்துருவாவ."

"அந்த மனுசன் நாலாள் ஆழத்துல குளிக்காரு, சுனில்."

"அவருக்குக் கடல் தெரியாதா? உனக்குத்தான் தெரியுமா? ரெண்டு வாரம் பொறு, ஷைலா. சீசனும் முடியும், பேப்பர்ல வந்ததையும் மறந்துருவாவ. நீயாப் போய் தலைய குடுக்காத."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவ்வளவு பேர் நடுவில் நின்று, உங்கள் பிள்ளைகளின் பாட்டிலை நான் மோந்துகூடப் பார்க்கவில்லை, மீன் வாடைக்குப் பயந்து நான் சொன்ன ஒரு சொல்லால் வந்த வினை இது என்று எப்படிச் சொல்வது? எனக்கு வகுப்பறைக்குள் மட்டும்தான் தைரியம். வாசல் தாண்டினால் நான் வேறு ஆள்.

ஜனவரி 16, வியாழன்

தங்கசுவாமி சார் போன் செய்தார். மாவட்டத்தில் நம் பள்ளிக்குத்தான் முதல் பரிசு என்று பேசிக்கொள்கிறார்களாம். "மாநிலத்துக்கும் போவோம் டீச்சர்! இனி உங்களுக்கு இடமாறுதலுக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னாலும் எனக்கு வாய் இருக்கும்லா." வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கு மாறுதல் கேட்டு இரண்டு வருடமாக அவரைச் சுற்றிவருகிறேன்.

"சார், அந்த எண்ணுல ஒரு சின்ன சந்தேகம்..." என்றேன்.

"எல்லா ஆராய்ச்சியிலயும் சந்தேகம் இருக்கத்தான் செய்யும்," என்று வைத்துவிட்டார்.

நான் சொல்லிப் பார்த்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 17, வெள்ளி

காலைச் செய்தியில் கள்ளக்கடல் எச்சரிக்கை. காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும், எங்கோ தூரத்தில் கிளம்பிய அலை திடீரென்று வந்து கரையேறும். இன்றும் நாளையும் கடலுக்குப் போகவேண்டாம் என்கிறார்கள்.

பருப்பு குக்கரில் இருந்தது. விசிலை எண்ணாமல் விட்டு அடிப்பிடித்துவிட்டது.

பெனிட்டா வீட்டுக்குப் போன் செய்தேன். அவள் அம்மா றோணிக்கா எடுத்தார்.

"டீச்சரா? பெனிட்டா தண்ணி பிடிக்கப் போயிருக்கா. என்ன டீச்சர்?"

"ஒண்ணும் இல்ல... கள்ளக்கடல்னு சொல்லுதாவளே. அண்ணன் போகலையே?"

"விடிய வெளுப்புக்கே போயாச்சு. கரைய ஒட்டித்தான் கள்ளக்கடல் அடிக்கும், வெளிய ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிட்டுப் போனாவ. மனசு கேக்கல டீச்சர், செபமால சொல்லிட்டு இரிக்கேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்தான்.

"பொங்கல் வாழ்த்து சொல்லலாம்னு கூப்பிட்டேன்," என்றேன்.

"ரொம்ப சந்தோசம் டீச்சர்."

மூன்றரை மணிக்கு மறுபடி அழைத்து, பெனிட்டாவிடம் வீட்டுப்பாடத்தைப் பற்றி ஏதோ கேட்டேன். அப்பா வந்துவிட்டாரா என்று கடைசியாக, போகிறபோக்கில் கேட்பது போலக் கேட்டேன். வந்துவிட்டார். அதன் பிறகுதான் சாப்பிட்டேன்.

ஜனவரி 18, சனி

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்தேன். முதலில் மன்னிப்பு, பிறகு புளி, பிறகு சரியான எண். எழுதி வைத்துப் படித்ததுபோல மனப்பாடம் ஆகிவிட்டது.

கரையில் கூட்டமாக இருந்தது. என்ன என்று கேட்பதற்குள் வள்ளம் வந்துவிட்டது. நான்கு பேர் சேசடிமையைத் தோளில் தாங்கி இறக்கினார்கள். அலை தூக்கி வெளிப்பாறையில் அடித்திருக்கிறது. வலது தோளிலிருந்து முழங்கை வரை சதை பிளந்து கிடந்தது. ஈரத்துண்டை வைத்துக் கட்டியிருந்தார்கள், அதுவும் சிவந்துவிட்டது. காதிலிருந்து கழுத்துக்கு ஒரு கோடு ரத்தம். நடந்துதான் வந்தார். என்னைப் பார்த்ததும் இடது கையால் கும்பிட்டார்.

"டீச்சர் வந்திருக்காவளே. பெனிட்டா, டீச்சருக்கு ஒரு நாக்காலி எடு."

அந்த நிலையில் எனக்கு நாற்காலி போடச் சொல்கிறார்!

பெனிட்டா அழுதுகொண்டே ஓடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து மணலில் போட்டாள். அதற்குள் ஆட்டோ வந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. கூடவும் போகவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பயமாக இருக்கிறது. இதற்கு முன்னால் சொல்லியிருந்தால் ஊர் சிரித்திருக்கும், அவ்வளவுதான். இனிமேல் சொன்னால் என்ன ஆகும்?

ஜனவரி 19, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். இன்று ஒரு நாள் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

பழைய துணிகளைக்கூட எடுத்துத் துவைத்தேன்.

ஜனவரி 20, திங்கள்

பெனிட்டா வந்தாள். ஒன்பது தையல். காதில் ரத்தம் நின்றுவிட்டது, ஆனால் அந்தப் பக்கம் பேசினால் கேட்கவில்லை. பதினைந்து நாள் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"வியாழக்கிழமை போவேன்னு சொல்லுதாவ டீச்சர். அம்மை சண்ட பிடிக்கா. கேக்கல."

"வெளிப்பாறைக்கா?"

"ஆமா. வேற எங்க போவாவ?"

அவள் நோட்டைத் திறந்து வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஜனவரி 21, செவ்வாய்

வியாழனுக்கு ஒரு நாள்தான் நடுவில்.

பேப்பருக்குப் பெயர் போடாமல் கடிதம் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதியும் பார்த்தேன். படித்தபோது எனக்கே அருவருப்பாக இருந்தது. கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். சுனில் என்ன புகை வாடை என்று கேட்டார். சப்பாத்தி கருகிவிட்டது என்றேன். இந்த ஒரு வாரத்தில் நான் சொன்ன பொய்களை வரிசையாக எழுதினால் இந்த டைரி போதாது.

ஜனவரி 22, புதன்

பள்ளி விட்டதும் பஸ்ஸுக்குப் போகாமல் நேரே பெனிட்டா வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் ஒரு கடையில் சோடா வாங்கிக் குடித்தேன். அப்படியே திரும்பிவிடலாம் என்றும் தோன்றியது. கடைக்காரர், "சேசடிமை வீட்டுக்கா டீச்சர்? நேரே போங்க," என்று வழியும் காட்டிவிட்டார். பிறகு எப்படித் திரும்புவது?

பெனிட்டா டியூஷனுக்குப் போயிருந்தாள். சேசடிமை கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் சிப்பிக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நாளைக்குப் போகத்தான் தீட்டுகிறார். றோணிக்கா கட்டன்சாயா போட உள்ளே போனார். மனப்பாடம் செய்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுதுகொண்டே, அவருக்குக் கேட்கும் பக்கமாக நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது தெரியும் என்பதையும் சொன்னேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது.

"எனக்குத் தெரியும் டீச்சர்," என்றார்.

என்ன தெரியும் என்று கேட்டேன்.

"புளியெல்லாம் தெரியாது. கரைப்பாறச் சிப்பிக்கு ஒண்ணும் இல்லைன்னு தெரியும். முப்பது வருசமா ஓட்டுல கத்தி வைக்கேன். வச்சாலே தெரியுமே. ஓடு பழைய ஓடுதான்."

"அப்ப ஏன் அங்க போனிய? வியாபாரி வாங்காட்டியும் ஊருக்குள்ளயாவது வித்திருக்கலாமே?"

"வித்திருக்கலாம். மத்தவன்ல பாதிப்பேரு விக்கத்தான செய்தான். பிள்ள அழுதா. அந்தச் சிப்பிக்குச் சொகமில்ல, அத ஆருக்கும் குடுக்காதீங்க அப்பான்னா. டீச்சரு மிசின் வச்சுப் பாத்தாவ, டீச்சருக்குத் தெரியும்னா. நான் எட்டாங்கிளாசு தாண்டாதவன். உங்க டீச்சருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் எப்படிச் சொல்ல? அவ படிக்க படிப்ப நான் பொய்யாக்கவா?"

றோணிக்கா கதவுப் பக்கம் டம்ளரோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார். டம்ளரை என் கையில் கொடுக்கவில்லை. ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நாளைக்கு வெளிப்பாறைக்குப் போகாதீங்க," என்றேன். "கும்பிட்டுக் கேக்கேன்."

"போவல. ஆனா பிள்ளைகிட்ட நான் சொல்ல மாட்டேன் டீச்சர். அத நீங்கதான் சொல்லணும்."

ஜனவரி 23, வியாழன்

காலையில் முதலில் தங்கசுவாமி சாரிடம். அவர் முகம் செத்துப்போனது. என்னை உட்காரச் சொல்லவில்லை. "என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியளே டீச்சர்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மெமோ வரும். மாறுதல் வராது. பேப்பர்க்காரரிடம் என்னையே பேசச் சொன்னார். பேசினேன். மறுப்பு சின்னதாகத்தான் போட முடியும் என்றார். அவர் மேல் தப்பில்லை.

பிறகு வகுப்பு.

புளியைப் பற்றிச் சொன்னதும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாங்கள் செய்த தப்பு என்று நினைத்து ஜெபின் அழ ஆரம்பித்துவிட்டான். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, மீன் வாடை வரக்கூடாது என்று நான் சொன்னதுதான் முதல் தப்பு, ஜோயலின் பாட்டிலைத் தள்ளி வைத்தது இரண்டாவது தப்பு என்று சொன்னேன். ஜோயல் தலையைக் குனிந்துகொண்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெனிட்டா முகத்தைப் பார்த்தேன், நிறுத்த முடியவில்லை. எனக்கு இது பதின்மூன்றாம் தேதியே தெரியும் என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். விரலை மடக்கி எண்ணினாள்.

"பதினாலு, பதினஞ்சு, பதினாறு, பதினேழு, பதினெட்டு. அஞ்சு நாளு டீச்சர்."

"ஆமா பிள்ளே."

"பதினேழாம் தேதி நீங்க போன் பண்ணினிய."

"ஆமா."

"அன்னைக்கும் தெரியுமா?"

"தெரியும்."

அவள் உட்கார்ந்து பையைத் திறந்து, கண்காட்சிக்காக வெட்டி ஒட்டி வைத்திருந்த பேப்பர் செய்தியை நோட்டிலிருந்து பிய்க்க ஆரம்பித்தாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள். பிரிவேளை முடியும்வரை அந்தச் சத்தம்தான் கேட்டது.

ஜனவரி 24, வெள்ளி

இன்று வகுப்பையே கரைக்குக் கூட்டிப்போனேன். யாரும் என்னோடு சேர்ந்து நடக்கவில்லை. வழியில் ஒரு பெண் இன்னொருத்தியிடம், நான் கேட்கும்படியே, "இனி கடலுக்கு என்ன வந்தாலும் டீச்சர்மாரு சொல்லி நம்ப ஆளில்ல," என்றாள்.

நேற்றிலிருந்து எனக்கு இருக்கும் பயமும் இதுதான். மெமோவுக்கில்லை. புது பாட்டில்களைக் கடல் தண்ணீராலேயே மூன்று முறை அலசி நிரப்பச் சொல்லிவிட்டு, பாடத்தை மறுபடி சொன்னேன். புளியால் வந்தது பொய் எண். ஆனால் கடல் மாறிக்கொண்டிருப்பது பொய்யில்லை. 8.2 இருந்தது 8.1 ஆகியிருக்கிறது. சின்ன எண் போலத் தெரிந்தாலும் அது கால்பங்குக்கு மேல் கூடுதல் புளிப்பு. உங்கள் பிள்ளைகள் காலத்தில் இன்னும் இறங்கும். அப்போது குஞ்சுச் சிப்பிக்கு ஓடு கட்டுவது கஷ்டமாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, கத்தி வைத்தாலும் உடனே தெரியாது, அதனால்தான் இது இன்னும் மோசம்.

முப்பத்தொரு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேனாவும் அசையவில்லை.

"8.1ன்னு யாரு அளந்தா?" பெனிட்டாதான் கேட்டாள். டீச்சர் என்று சேர்க்கவில்லை.

பல நாட்டில், பல கடலில், பல வருடமாக நிறையப் பேர் அளந்து, ஒருவர் அளந்ததை இன்னொருவர் சரிபார்த்தார்கள் என்றேன்.

"நம்ம கடல?"

"நம்ம கரைப்பாறைய யாரும் வருசக்கணக்கா அளந்ததா எனக்குத் தெரியல."

அவள் பாறையைப் பார்த்தாள். அங்கே இரண்டு பேர் முங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு மீட்டருக்காகக் கையை நீட்டினாள். நான் மூடியைத் திறந்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டப் பக்கத்தில் போனேன்.

"நீங்க தள்ளி நில்லுங்க. நாங்க பாத்துக்கிடுதோம்."

தள்ளி நின்றேன். அவள் சோதனைக் கரைசல் பாக்கெட்டைத் திருப்பி, காலாவதித் தேதியைப் படித்தாள். மீட்டரை அதில் வைத்துச் சரிபார்த்தாள். ஜோயலைக் கூப்பிட்டு அவனையும் பார்க்கச் சொன்னாள். ஒவ்வொரு பாட்டிலையும் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வேறு ஆள் எண்ணைப் படிக்க, அவள் எழுதினாள். 8.06. 8.07. 8.06. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அவர்கள் அவசரப்படவில்லை. அடுத்த மாதம் இதே தேதியில் வருவது என்றும், அதற்கடுத்த மாதமும் வருவது என்றும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு யார் அளப்பது என்று ஒரு சின்ன சண்டைகூட நடந்தது.

எல்லாம் முடிந்ததும் நோட்டில் பக்கத்தின் அடிக்கு வந்தார்கள். அங்கே வலப்பக்கம் ஆசிரியர் கையொப்பத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கும். என்னிடம் கொண்டுவருவாள் என்று பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கோட்டின் மேல் பெனிட்டா கையெழுத்துப் போட்டாள். கீழே ஜோயல் போட்டான், ஜெபின் போட்டான். பிறகு நோட்டை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார்கள்.